பற்றுக்குப் பரிசாகத் தரப்படுவதன்று உரிமை!

பிறந்த மண்ணில் நிமிர்ந்து நிற்பதற்கே ஒருவன் தன் நாட்டுப்பற்றை நாளும் மெய்ப்பித்துக் காட்டவேண்டும் என்னும் நிலை வந்துவிடுமாயின், அவன் அந்நாட்டின் குடிமகன் அல்லன். பிணையில் விடப்பட்ட குற்றவாளியே ஆவான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க மண்ணில் வாழ்ந்த சப்பானிய இனத்தவர் பட்ட பாடு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

போர் மூள்வதற்கு நெடுநாள் முன்பே அவர்கள் ஒதுக்கப்பட்டிருந்தனர். சப்பானினின்று குடியேறிய மூத்த தலைமுறையினர்க்கு இனத்தைக் காட்டியே குடியுரிமை மறுக்கப்பட்டது. குடியுரிமை பெற இயலாதார் விளைநிலம் வாங்கலாகாது எனக் கலிபோர்னியா மாநிலம் 1913-இல் சட்டமும் செய்தது. கதவையும் அடைத்துவிட்டு, உள்ளே வரவில்லையே என்று பழியும் கூறுவது எத்துணைக் கொடுமை!

1941 திசம்பர் 7-ஆம் நாள் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்பிரவரி 19-இல் குடியரசுத் தலைவர் உரூசுவெல்ட்டு கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணையின் விளைவாக, ஏறத்தாழ 1,20,000 பேர் வீட்டினின்றும் தோட்டத்தினின்றும் பெயர்க்கப்பட்டனர். அவருள் மூன்றில் இருபங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததே உடைமை என்றாயிற்று. பலர் முதலில் குதிரைப் பந்தயத் திடல்களின் கொட்டில்களில் அடைக்கப்பட்டனர். பின்னர் முள்வேலி சூழ்ந்த பத்துக் காவற்கூடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

நாட்டைக் காக்கவே இது செய்யப்பட்டது என்றனர். அங்ஙனமாயின், தாக்குதலுக்குள்ளான அவாயித் தீவுகளில், மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்குக்கு மேலிருந்த சப்பானியரை ஏன் மொத்தமாகப் பெயர்க்கவில்லை? அவர்தம் உழைப்பின்றி அத்தீவுகளின் பொருளியல் இயங்காது என்பதனாலன்றோ? செருமானியரும் இத்தாலியரும் பகைநாட்டு வழியினரே. அவர்களை இவ்வாறு இனத்தோடு அள்ளிச் சென்று அடைக்கவில்லையே! அச்சம் போரினால் வந்தது. அது யார்மேற் பாயவேண்டும் என்று காட்டியது இனவெறியே.

எனினும் அம்மக்கள் வாளா இருந்தாரல்லர். மினோரு யாசூயும் கோர்டன் இரபயாசியும் ஊரடங்கு ஆணையை மீறினர். பிரெடு கொரெமாட்சு வாழிடம் விட்டுப் பெயர மறுத்தார். உச்ச முறைமன்றம் மூவரையும் கைவிட்டது. 1944-இல் கொரெமாட்சு வழக்கில் நடுவர் ஒன்பதின்மருள் அறுவர் அரசின் பக்கமே நின்றனர். மிட்சுயே எண்டோ என்னும் பெண்மணி தொடுத்த வழக்கிலோ, பற்றுடையவர் என அரசே ஒப்புக்கொண்டவரை அடைத்து வைத்தலாகாது என்று அதே நாளில் தீர்ப்பாயிற்று.

அடைபட்டோர்முன் 1943-இல் ஒரு வினாத்தாள் நீட்டப்பட்டது. படையிற் சேர அணியமா? சப்பானியப் பேரரசர்பால் உள்ள பற்றைக் கைவிடுவாயா? இளையோர் இல்லாத பற்றை எங்ஙனம் கைவிடுவது? குடியுரிமை மறுக்கப்பட்ட முதியோர் அதனைக் கைவிட்டால் எந்நாட்டினர் ஆவர்?

இளைஞர் இரு வழியாயினர். ஒருசாரார், பெற்றோர் முள்வேலிக்குள் இருக்க, 442-ஆம் படையணியிற் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்சிலும் குருதி சிந்தினர். மறுசாரார், 1944-இல் கட்டாயப் படைச்சேர்க்கை தொடங்கியபோது, பறித்த உரிமையை முதலில் திருப்பித் தருக, பின்னரே படைக்கு வருவோம் என்றனர். வயோமிங்கு மாநிலத்து ஆர்ட்டு மவுண்டன் காவற்கூடத்தில் அவ்வாறு மறுத்த 63 பேர் ஒரே வழக்கில் மூன்றாண்டுச் சிறை பெற்றனர்.

1947-இல் குடியரசுத் தலைவர் துரூமன் அவர்களை மன்னித்தார். தம் இனத்தவர் மன்னித்தாரல்லர். இனத்துக்கு இழுக்குத் தேடியோர் என அவர்களை ஒதுக்கினர். சப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் கழகம் 2002-இல்தான் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. அரசு இட்ட முள்வேலி 1946-இல் அகன்றது. தம்மவர் நெஞ்சில் இட்ட வேலி அகல அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று!

1983-இல் கொரெமாட்சு மீதான குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது. 1988-இல் அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவர்க்கும் 20,000 தாலர் இழப்பீடும் தந்தது. அதற்குள் முதியோர் பலர் மண்ணோடு மண்ணாயினர்.

போர்முனையில் நின்றவனும் சிறைக்கம்பிக்குப் பின்னே நின்றவனும் கேட்டது ஒன்றே: சமன்மை. உயிரைக் கொடுத்து மெய்ப்பித்தவனுக்கே உரிமை என்றால், அது உரிமையன்று, விலைப்பொருள். ஒடுக்கப்படும் இனம் தன்னுள் வீரன் யார், கோழை யார் என்று தரம் பிரிக்கத் தொடங்கும்போது, ஒடுக்குவோன் கையிலுள்ள அளவுகோலையே தன் கையிலும் எடுத்துக்கொள்கின்றது. அவ்வளவுகோலை முறித்தெறிக! உரிமை பிறப்போடு வருவது. அதனைக் கேட்டவன் எவனும் இரண்டகன் அல்லன்!