பிரேக்கைக் கழற்றிய சைக்கிள்

உங்கள் பையனின் சைக்கிளை இன்றைக்கு ஒருமுறை பக்கத்தில் குந்திப் பாருங்கள். மட்கார்டு இருக்கிறதா? ஸ்டாண்டு? முன் பிரேக் கம்பி? நம் திருச்செங்கோட்டில் சாயங்காலம் சங்ககிரி ரோட்டுப் பக்கம் பையன்கள் ஓட்டித் திரியும் சைக்கிள்கள் பலவற்றில் இவை எதுவுமே இல்லை. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளும் அதில் சேர்த்தி. கேரியரைக் கழற்றி, பிரேக்கைக் கழற்றி, முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டத் தோதாக ஆக்கி வைத்திருக்கிறான். கேட்டால் "வெயிட்டு கொறையுதுப்பா" என்பான். நீங்களும் சரி சாமி என்று விட்டுவிடுவீர்கள். இதே பையன்தான் அடுத்த வருஷம் உங்கள் பைக் சாவிக்குக் கை நீட்டப்போகிறவன்.

முன் சக்கரம் தரையை விட்டு எழும்பிய நொடியிலிருந்து அந்த வண்டி ஓட்டுகிறவன் கையில் இல்லை. வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். வேகத்தைப் பெரும்பங்கு பிடித்து நிறுத்துவதும் முன் பிரேக்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், ஒரு நொடிக்குள் 11 மீட்டர் தாண்டிவிடும். இதையெல்லாம் வேறு ஊர்க்காரர்களுக்குச் சொன்னாலும் பொருத்தம். நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர்வெல் ரிக் வண்டிகளால் பிழைக்கிற ஊர் இது. போர்வெல் வண்டியோடோ லாரியோடோ தொழில் தொடர்பு இல்லாத சொந்தபந்தம் நம்மில் யாருக்கு இருக்கிறது? பாரம் ஏற்றிய வண்டி பிரேக் மிதித்த இடத்தில் நிற்காது, பம்பரை ஒட்டி வருகிற சைக்கிள் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது என்பதெல்லாம் நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. அவ்வளவும் தெரிந்த நாம், எதிரே வரும் லாரிக்கு நேராகப் போய்க் கடைசி நொடியில் ஒடித்துத் திருப்புகிற வீடியோவைப் பார்த்து, "எம்பட பையனுக்குப் பயமே கிடையாது" என்று பெருமை பேசுகிறோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமன் தீப்பொறி பறக்கும் படம் போடுகிறார். சித்தி "சூப்பர்டா தங்கம்" என்கிறார். அந்த லாரியை ஓட்டியவரும் யாருக்கோ அப்பன்தான். தன் தப்பே இல்லாமல் ஒரு பிள்ளையின் சாவைச் சுமக்க வேண்டியவர், சமயத்தில் கூடி வந்த கும்பலிடம் அடியும் வாங்க வேண்டியவர் அவர்.

2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் முன் சக்கரத்தைத் தூக்கப்போய்த் தூக்கி எறியப்பட்டதை நாடே பார்த்தது. கை முறிந்தது, கைதானார். சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபரில் ஜாமீன் மறுத்தது. அந்த பைக்கை எரித்துவிடலாம் என்று சொல்லும் அளவுக்கு நீதிபதிக்குக் கோபம் வந்தது. நவம்பரில்தான் வெளியே வந்தார். ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுக்குப் போயிற்று. ஹெல்மெட்டும் உடம்பு முழுக்கப் போட்டிருந்த விலை உயர்ந்த பாதுகாப்பு உடையும் இல்லாதிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம். நம் பிள்ளைகள் கண்ணில் அந்த உடை விழவில்லை, எழும்பிய சக்கரம் மட்டும்தான் விழுந்தது. அவர் வெளியே வந்த சில நாளிலேயே, தீபாவளியை ஒட்டி, திருச்சிப் பக்கம் பைக்கில் பட்டாசைக் கட்டி வெடிக்கவிட்டபடி சிலர் வீலிங் போன வீடியோ வந்தது. போலீஸ் அவர்களையும் பிடித்தது. சிறைக்கும் இவர்கள் அஞ்சவில்லை என்றால், இவர்களை ஓட்டுவது வேறொன்று. பார்க்க ஆள் இருக்கிறது, அதுதான். அந்த ஆட்களில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது நாம்.

அதே வாய்தான், பையன் விழுந்து செத்தால் வேறு பேசுகிறது. "திமிரு", "வேணும் இவனுக்கு", "பூமிக்குப் பாரம் கொறைஞ்சுது", "வளர்த்த லட்சணம்". நேற்று இதயம் போட்ட விரல்தான் இதையும் எழுதுகிறது. பிணம் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பெற்றவள் இதைப் படிக்கிறாள். பதினாறு வயதில் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தவன் சாவுக்குத் தகுந்தவன் ஆகிவிடுவானா? 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டு வாசலிலாவது நின்று பார்த்தவர்கள் இப்படி எழுதமாட்டார்கள்.

நம் வயதுக்காரர்கள் சைக்கிள் சுற்றுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தோம். ஊர்ப் பொது இடத்தில் கம்பம் நட்டு, குழாய் ஸ்பீக்கர் கட்டி, நாள்கணக்கில் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவார். அதிலேயே குளிப்பார், அதிலேயே சாப்பிடுவார். ராத்திரியில் டியூப் லைட்டை உடம்பில் அடித்து உடைப்பார். சட்டையில் பத்து ரூபாய் நோட்டைக் குத்தினோம். அவருக்கு அது வயிற்றுப்பாடு, சின்ன வயதிலிருந்து பழகிய வித்தை. மண் தரையில், கூட்டம் போட்ட வட்டத்துக்குள், மெதுவாக, லாரி வராத இடத்தில் செய்தார். "நாங்களும்தான் அந்தக் காலத்துல பாத்தோம்" என்று பையனுக்குச் சலுகை கொடுக்கிற அப்பாக்களே, இரண்டும் ஒன்றல்ல.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முன் சக்கரத்தைத் தூக்குகிறவன் பெரும்பாலும் மல்லாக்க விழுகிறான். பிடரி தரையில் மோதுகிறது. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தக்குழாய் கிழிந்தால், பையன் உடனே மயங்க வேண்டும் என்றில்லை. எழுந்து சிரிப்பான், பேசுவான், நடந்தே வீட்டுக்கு வருவான். தலைவலிக்குது என்று படுப்பான். உள்ளே ரத்தம் தேங்கிக்கொண்டே போய் மூளையை அழுத்தி, சில மணி நேரத்தில் எழுப்பினாலும் எழ மாட்டான். "நல்லாத்தான பேசிட்டு இருந்தான்" என்று அழுகிற வீடுகளின் கதை இதுதான். நேரத்தோடு கொண்டுபோனால் ஸ்கேன் எடுத்து, அறுவை செய்து காப்பாற்றிவிடலாம். இன்னொன்று, ஹேண்டில் பார் முனை வயிற்றில் குத்துவது. வெளியே ஒரு ரூபாய் அளவு கன்றியிருக்கும், உள்ளே மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கும். அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும் என்று பயந்தே மறைத்துவிடுவான். அதனால், விழுந்து வந்தவனை அன்றைக்கு அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், குழறல், வயிற்று வலி எதுவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சாலை விபத்தானால் முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைக்கு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பணத்துக்கு யோசித்து நேரத்தை விடாதீர்கள்.

சட்டம் உங்களையும் விடாது. 18 நிரம்பாதவன் மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பள்ளிக்கு நேரமாச்சு என்று சாவியைத் தூக்கிப் போடுமுன் இதை நினையுங்கள்.

பையனுக்கு ஆசையே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சைக்கிள் வித்தை, டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து ஒரு போட்டியாகவே இருக்கிறது. அங்கே போகிறவர்கள் ஹெல்மெட் போட்டு, பஞ்சு நிரப்பிய குழியில் ஆயிரம் முறை விழுந்து பழகுகிறார்கள். நம் ஊரில் மைதானம் வைத்திருக்கும் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கேட்டைத் திறந்து, ஒரு பி.டி. மாஸ்டரை நிறுத்தி, ஹெல்மெட் இல்லாதவனை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இதைக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் நான் கேட்கப்போகிறேன். கூட நாலு பேர் எழுந்து நின்றால் தட்டிக்கழிக்க முடியாது.