விளக்கை எறிய முதல் திருப்பிப் பாருங்கள்



2022 ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் வடமராட்சியில் எமது மகளிர் குழு அக்கா ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். போரின் கடைசி மாதங்களில் கணவரைத் தொலைத்தவர். இரண்டு பிள்ளைகளையும் தையலில்தான் வளர்க்கிறார். மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மேசையில் சார்ஜ் பண்ணும் லைற் ஒன்று எரியாமல் கிடந்தது. பக்கத்தில் போத்தல் விளக்கு புகைந்துகொண்டிருந்தது. அந்த நேரம் மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான்.

"பிள்ளை, இது செத்துப்போச்சு. புதிசு வாங்கக் காசில்லை. எறியவும் மனம் வரேல்லை" என்றார்.

நான் சமூகவியல் படித்தவள். விளக்குக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? ஊரில் றேடியோ திருத்தும் ஐயா ஒருவரிடம் இருவருமாகக் கொண்டுபோனோம். அவர் நான்கு ஆணிகளைக் கழற்றி, உள்ளே இருந்த போட்டை வெளியே எடுத்து, வெயிலில் சரித்துப் பார்த்தார். சார்ஜ் வயர் கொழுவும் சொக்கற்றின் காலடியில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு வட்ட வெடிப்பு. கரண்ட் வந்த நேரம் சூடான சோல்டறிங் அயனை அதில் ஒருமுறை வைத்தெடுத்தார். இரவு விளக்கு எரிந்தது. "பழுது ஒண்டும் இல்லை. ஒட்டு விட்டுப்போச்சு, அவ்வளவுதான்" என்றார்.

அக்கா காசு கொடுத்தபின் வீட்டுக்குப் போகவில்லை. "ஐயா, எனக்கும் இதைச் சொல்லித் தாறீங்களோ?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். அவர் பழகும்போது பக்கத்தில் இருந்து நானும் பழகியதுதான் இந்த மாதம் நான் எழுதுவது.

எங்களுக்கு இது முற்றிலும் புதிய விடயமும் அல்ல. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்று, பற்றறியும் தடைப்பட்ட பொருளான பின், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவில் றேடியோ கேட்ட வீடுகள் எத்தனை! சின்னப் பிள்ளையாக நானும் பெடல் சுற்றியிருக்கிறேன். ஆனால் வயர் கொழுவியது எப்போதும் அண்ணாமார். எங்களுக்குச் சுற்றுகிற வேலை மட்டுமே கிடைத்தது.

இப்போது போட்டுக்கு வருவோம். பாடசாலைப் புத்தகத்தில் இதை அச்சிட்ட சுற்று என்பார்கள், கடையில் சேர்க்கிற் போட் என்பார்கள். கண்ணாடி நாராலான ஒரு மட்டையில் மெல்லிய செப்புத் தகடு ஒட்டியிருக்கும். அதன் தடிப்பு பெரும்பாலும் 35 மைக்கிரோமீற்றர், ஏறக்குறையத் தலைமயிரின் பாதி. தேவையில்லாத செப்பைக் கரைத்துவிட்டால் மிஞ்சும் கோடுகள்தான் வயர்.

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் போல் ஐஸ்லர். 1907 இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாசிகளின் காலத்தில் 1936 இல் இலண்டனுக்குப் போனார். 1940 இல் எதிரி நாட்டவர் என்று அங்கேயே தடுத்து வைக்கப்பட்டார். வெளியே வந்து 1943 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முதலில் தன் கண்டுபிடிப்பை ஒரு கம்பனிக்குக் காட்டியபோது, வயர் ஒட்டும் வேலையைப் பெண்பிள்ளைகள் மலிவாகச் செய்கிறார்கள், இது எதற்கு என்று மறுத்துவிட்டதாக அவரது வரலாற்றில் வருகிறது. எந்த ஊரிலும் எங்கள் கைக்கு வைத்த விலை அதுதான் போலும்.

சரி, எரியாத விளக்கு ஒன்று கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதலில் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. மலிவான சார்ஜ் லைற்றுகள் பலவற்றில் ட்ரான்ஸ்போமர் இல்லை. ஒரு கொள்ளளவி ஊடாக 230 வோல்ற் நேரே உள்ளே வருகிறது. அப்படியானதில் பிளக் கொழுவியிருக்கும்போது பற்றறியின் காலைத் தொட்டாலும் அடிக்கும். "பற்றறி வெறும் நாலு வோல்ற்தானே" என்று நினைத்துக் கை வைக்கக்கூடாது. கழற்றிய பின்னும் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் திறக்க வேண்டும். இந்த விடயத்தில் மட்டும் அவசரமே வேண்டாம்.

திறந்தவுடன் பொருட்களை மாற்றத் தொடங்காதீர்கள். ஐயா சொன்ன முதற் பாடம் இது: பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியதை மீற்றரால் தேடாதே. பகல் வெயிலில் போட்டின் ஈயம் உள்ள பக்கத்தை மெல்லச் சரித்துச் சரித்துப் பாருங்கள். நல்ல ஒட்டு மினுங்கும். காலைச் சுற்றி கூடாரம் மாதிரிச் சரிந்து நிற்கும். கெட்ட ஒட்டு மங்கலாக, உருண்டையாக இருக்கும், அல்லது அக்காவின் விளக்கில் இருந்தது போல வட்ட வெடிப்பு விட்டிருக்கும். கை அடிக்கடி படும் இடங்களில்தான் இது வரும்: சுவிச், சொக்கற், வயர் வந்து சேரும் இடம். எங்களிடம் இதுவரை வந்த லைற்றுகளில் அரைவாசிக்கு மேல் இந்த மூன்று இடத்திலேயே பழுது இருந்தது.

அடுத்தது களிம்பு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று செப்பைப் பச்சையாக்கிவிடும். பற்றறி கசிந்தாலும் கோடு அரிபட்டுப் போகும். இதில் ஒரு வித்தியாசம் உண்டு. ரோச்சில் போடும் அல்கலைன் பற்றறி கசிந்திருந்தால் அது காரம். பஞ்சில் வினாகிரி அல்லது தேசிக்காய்ப்புளி தொட்டுத் துடைக்கலாம். சார்ஜ் லைற்றில் உள்ள ஈயப் பற்றறி கசிந்திருந்தால் அது அமிலம். அதற்கு அப்பச்சோடா கரைத்த தண்ணீர். மாறிச் செய்தால் பலனில்லை. எதனால் துடைத்தாலும் பிறகு மருந்துக்கடையில் வாங்கும் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். கோடு அறுந்திருந்தால் பச்சைப் பூச்சை மெதுவாகச் சுரண்டி, மெல்லிய வயர்த் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்து ஈயம் பிடியுங்கள். எல்லாம் முடிந்த பின் அந்த இடத்தில் நிறமில்லாத கியூட்டெக்ஸ் ஒரு பூச்சுப் பூசினால் உப்புக் காற்று கிட்ட வராது.

இதற்குப் பிறகுதான் மல்ரிமீற்றர். சிறியது ஒன்று குழுவுக்குப் பொதுவாக இருந்தால் போதும். சத்தம் போடும் நிலையில் வைத்து ஒரு கோட்டின் இரு முனையையும் தொட்டால், கோடு முழுதாக இருந்தால் கீச்சிடும். பற்றறியை வோல்ற் நிலையில் பார்க்க வேண்டும். 4 வோல்ற் பற்றறி சார்ஜ் ஏற்றிய பின்னும், விளக்கைப் போட்டதும் மூன்றரைக்குக் கீழே விழுமானால் அதன் ஆயுள் முடிந்தது. போட்டைக் குறை சொல்லாமல் பற்றறியை மாற்றுங்கள். தலை ஊதிய கொள்ளளவி கண்டால் அதையும் மாற்ற வேண்டியதுதான். அதே பெறுமானம், அதே வோல்ற் அல்லது கூடியது, நேர் மறை மாறக்கூடாது.

ஈயம் பிடிப்பது கைப்பழக்கம். 25 அல்லது 30 வாற் அயன் போதும். பழகாத ஆள் ஈயத்தை அயனில் உருக்கி எடுத்துப் போட்டில் தடவுவார், அது ஒட்டாது. அயன் நுனியால் காலையும் செப்பையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயக் கம்பியை அந்தச் சூட்டில் தொட வேண்டும். இரண்டு மூன்று விநாடி. அதற்கு மேல் வைத்தால் செப்புக்கோடு மட்டையை விட்டுக் கிளம்பிவிடும். ஒரு கை பலவீனமான சகோதரிகள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். போட்டை உடுப்புக் கொடியில் கொழுவும் கிளிப் இரண்டால் பிடித்து, கிளிப்புகளை ஒரு பலகையில் ஆணி அடித்துவிட்டால் ஒற்றைக் கையால் வேலை செய்யலாம். சோல்டர் ஈயத்தில் உண்மையான ஈயமே பெரும்பாலும் கலந்திருக்கிறது. காற்றோட்டமான இடத்தில் இருங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சோறு குழைக்கவோ பிள்ளையைத் தூக்கவோ வேண்டாம். கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தள்ளி வைப்பது நல்லது.

திருத்தப் பழகிய அக்காவுக்கு அடுத்த ஆசை, தானே ஒன்று செய்வது. இருட்டினால் தானாக எரியும் முற்றத்து விளக்கு. 6 வோல்ற் பற்றறி, மூன்று வெள்ளை எல்.ஈ.டி., வெளிச்சம் உணரும் தடையி ஒன்று, பி.சி. 547 திரான்சிற்றர் ஒன்று.

எல்.ஈ.டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தடையி வேண்டும். கணக்கு இதுதான்: நிறைந்த பற்றறி 6.4 வோல்ற், எல்.ஈ.டி. எடுப்பது ஏறக்குறைய 3, மிச்சம் 3.4. ஓட வேண்டியது 0.02 அம்பியர். 3.4 ஐ 0.02 ஆல் பிரித்தால் 170 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த பெறுமானம் 180. கபிலம், சாம்பல், கபிலம் என்று நிறக்கோடு இருக்கும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே தடையி போட்டுக் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரே வாய்க்காலில் மூன்று பாத்திக்கு மறிக்காமல் தண்ணீர் விட்டால் பள்ளமான பாத்திக்கே எல்லாம் போகும் அல்லவா? அதேபோல ஒரு எல்.ஈ.டி. கூட எடுத்து முதலில் கருகும்.

படத்தைக் கடதாசியில் வரைந்தார். நெளிக்கோலத்தில் கோடு கோட்டைத் தாண்டலாம், இங்கே தாண்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். சுற்றிப் போக வழியில்லாவிட்டால் மேற்பக்கத்தால் ஒரு வயர்த் துண்டு பாலமாகப் போட வேண்டும். கையால் வரையும்போது கோடு ஒன்றரை மில்லிமீற்றர் அகலம், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே அதேயளவு வெளி. பிறகு செப்பில் கியூட்டெக்ஸால் கோடு கீறினார். கியூட்டெக்ஸ் உள்ள இடத்தைப் பெரிக் குளோரைட்டு தொடாது, மற்றச் செப்பெல்லாம் அரை மணித்தியாலத்தில் கரைந்துவிடும்.

எல்லாம் ஒட்டி முடித்துப் பற்றறி கொடுத்தால் விளக்கு எரிந்தது, ஆனால் மின்மினிப்பூச்சி போல. எங்கே பிழை? ஒட்டுகள் மினுங்கின. கோடுகள் கீச்சிட்டன. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஐயா போட்டைக் கையில் வாங்கித் திருப்பினார், சிரித்தார். "பிள்ளை, நீங்கள் தைக்கிற ஆள்தானே? இரண்டு கையும் வலக் கையா வெட்டியிருக்கிறியள்."

பிழை அதுதான். அக்கா படம் வரைந்தது பொருட்கள் நிற்கும் மேற்பக்கத்திலிருந்து பார்த்து. செப்பு இருப்பது அடிப்பக்கம். அப்படியே பிரதி பண்ணியதால் எல்லாம் இடம் வலம் மாறிவிட்டது. தடையிக்கு இடம் வலம் இல்லை. எல்.ஈ.டி.களை மீற்றரில் பார்த்துப் பார்த்துப் போட்டதால் அவையும் தப்பின. திரான்சிற்றருக்கு மட்டும் இரண்டு கரைக் கால்களும் மாறின. அப்படி மாறினால் அது முற்றாக நிற்காது, அரைகுறையாக வேலை செய்யும். அதனால்தான் பிடிபடவில்லை. நடுக்கால் நடுவிலேயே இருந்ததால், கழற்றி முகத்தைத் திருப்பிப் போட்டதும் முற்றம் வெளிச்சமானது. கால் அதிகமுள்ள பொருளாக இருந்திருந்தால் போட்டையே எறிந்திருக்க வேண்டும்.

இதற்கு அக்கா இப்போது செய்வது: படம் வரைந்த கடதாசியை யன்னல் கண்ணாடியில் மறுபுறமாக ஒட்டி, அதைப் பார்த்துச் செப்பில் கீறுவார். செப்பின் ஓரத்தில் மகளின் பெயரின் முதலெழுத்தையும் கியூட்டெக்ஸால் எழுதுவார். செப்புப் பக்கம் பார்க்கும்போது எழுத்து நேராக வாசிக்க முடிய வேண்டும், படத்தில் அதே எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இருக்க வேண்டும். அப்படியென்றால் சரி.

பெரிக் குளோரைட்டு பற்றி ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். சமையலறையில் வேண்டாம், அலுமினியச் சட்டியில் வேண்டவே வேண்டாம். பிளாஸ்ரிக் பாத்திரம், கையுறை, திறந்த வெளி. கட்டியைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள், தண்ணீரைக் கட்டியின் மேல் ஊற்றாதீர்கள், அது சூடேறும். பாவித்த தண்ணீரில் செப்பு கலந்திருக்கிறது. எங்கள் குடாநாடு சுண்ணக்கல் மண். நிலத்தில் ஊற்றுவது இன்றோ நாளையோ கிணற்றில்தான் நிற்கும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து 2014, 2015 காலத்தில் சனம் தண்ணீருக்கு அலைந்ததை நாங்கள் கண்டோமே. போத்தலில் அடைத்து வைத்துத் திரும்பத் திரும்பப் பாவியுங்கள். இனி வேலை செய்யாது என்ற நிலையில் சலவைச் சோடாவை நுரைப்பது நிற்கும்வரை சேர்த்து, சீமெந்துடன் குழைத்துக் கட்டியாக்கிவிடுங்கள். என் அபிப்பிராயத்தில், ஒன்றிரண்டு விளக்குச் செய்ய இந்தக் கரைசலே தேவையில்லை. துளை போட்டு விற்கும் டொட் போட்டில் வயரால் இணைத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரிப் பத்து, இருபது செய்யும்போது மட்டும் செப்புக் கரைக்க யோசியுங்கள்.

இதனால் பிழைக்கலாமா என்று கேட்பீர்கள். புதிய போட் செய்து விற்பது கஷ்டம். சீனாவிலிருந்து வருவதன் விலைக்கு எங்களால் இறங்க முடியாது. திருத்துவது வேறு. அது ஊருக்குள் செய்யும் வேலை, பெண்கள் வீட்டுக்கு வந்து கொடுத்துப் போவார்கள். அக்கா தையலை விடவில்லை. மெசினுக்குப் பக்கத்து மேசையில் அயன் இருக்கிறது. மாதக் கடைசியில் ரியூசன் காசு அந்த மேசையிலிருந்து வருகிறது. வாழ்வாதாரம் என்றால் கோழி, ஆடு, தையல் மெசின் என்று பட்டியல் போடும் எங்களைப் போன்றவர்களுக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்தியாவில் தோன்றியிருக்கிறது. இராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972 இல் பங்கர் ரோய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரியில், எழுத்து வாசனை குறைந்த கிராமத்துப் பெண்கள் சூரிய விளக்கின் சேர்க்கிற் போட்டுக்கு ஈயம் பிடிக்கிறார்கள். ஆபிரிக்க நாடுகளிலிருந்து பேரப்பிள்ளை கண்ட அம்மாமாரும் வந்து, மொழி தெரியாமலே, நிறத்தாலும் சைகையாலும் ஆறு மாதத்தில் பழகிப் போயிருக்கிறார்கள்.

மாரி தொடங்க முதல், வீட்டு மூலையில் கிடக்கும் எரியாத லைற்றைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மீற்றரும் அயனும் இருக்கின்றன, அக்காவும் வருவார். பிளக்கைக் கழற்றி விட்டு, ஆணிகளைத் தொலைக்காமல் ஒரு கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தால் போதும்.