குப்பை வரி ஒழிந்தது, கோரிக்கை தீரவில்லை

ஆந்திர நகராட்சிகளில் குப்பை வரி ரத்து செய்யப்படும் என்று முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு 2024 அக்டோபர் 2 அன்று மச்சிலிப்பட்டினத்தில் அறிவித்தார். அதற்குச் சரியாக மூன்றாண்டுகளுக்கு முன் ஜெகன்மோகன் அரசு தொடங்கிய தூய்மைத் திட்டத்தின் பெயரால், பெரிய நகரங்களில் வீட்டுக்கு மாதம் 120 ரூபாய் வரை வசூலிக்கப்பட்டு வந்தது. சொத்து வரி செலுத்தும் மக்கள் மீது இரண்டாவது சுமையாக ஏற்றப்பட்ட இவ்வரியை இடதுசாரிகள் தொடர்ந்து எதிர்த்தனர். அதன் ரத்து வரவேற்கத்தக்கதே.

ஆனால் அத்துடன் பிரச்சனை முடிந்துவிடவில்லை. பயனாளர் கட்டணம் வசூலிக்க வழிதிறந்தவை ஒன்றிய அரசின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள். கொள்கை மாறாதவரை கட்டணம் வேறு பெயரில் திரும்பி வரலாம். வரி போன இடத்தில் அரசு நிதி வராவிட்டால், பற்றாக்குறை துப்புரவுத் தொழிலாளரின் ஊதியத்தின் மீதே விழும். சம வேலைக்குச் சம ஊதியமும் பணி நிரந்தரமும் கோரி 2023 டிசம்பர் 26 முதல் இரண்டு வாரங்களுக்கும் மேலாக ஆந்திர நகராட்சித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததை மறக்க முடியாது.

நகராட்சி எல்லைக்கு வெளியேயும் இதே கேள்வி நிற்கிறது. சித்தூர்–பலமனேர் சாலையில் மாம்பழச் சந்தையுடன் வளர்ந்துவரும் பங்காருபாளையம் போன்ற ஊர்களில் குப்பை நகரத்தின் அளவில் சேர்கிறது. நிதியோ ஊராட்சியின் அளவில்தான் வருகிறது. 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் உரியதாக இருந்தது. அது எங்கே செலவாயிற்று என்பதைக் கிராம சபையில் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

மாற்று வழி இல்லாமலில்லை. கேரளத்தின் ஆலப்புழை நகரக் குப்பையைச் சுமக்க மறுத்து சர்வோதயபுரம் மக்கள் போராடினர். அதன்பின் 2012 முதல் வீட்டு எரிவாயுக் கலன்களும் பொது உரத்தொட்டிகளும் அமைத்து, மக்கும் குப்பையை உருவாகும் இடத்திலேயே உரமாக்கும் முறையை அந்நகரம் மேற்கொண்டது. குப்பையை ஏழைகளின் குடியிருப்புக்கு அருகே கொண்டுபோய்க் கொட்டுவது மேலாண்மை அல்ல, இடமாற்றம் மட்டுமே.

எனவே வரி ரத்தோடு நம் முழக்கம் நின்றுவிடக் கூடாது. தூய்மை உள்ளாட்சியின் கடமை. அதற்கான நிதி அரசின் பொறுப்பு. அதைச் செய்யும் தொழிலாளர் நிரந்தர ஊழியர். இம்மூன்றையும் ஒரே கோரிக்கையாகக் கிளைகள் வார்டுதோறும், ஊராட்சிதோறும் எடுத்துச் செல்ல வேண்டும். குடியிருப்போரையும் தொழிலாளரையும் ஓரணியில் நிறுத்தும் போராட்டமே கட்டணத்தையும் ஒப்பந்த முறையையும் ஒருசேர வீழ்த்தும்.