சேர்ந்தவர் எத்தனை? தேர்வு எழுதியவர் எத்தனை?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டுகிறார்கள். ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மகிழ்ச்சி! உழைத்த ஆசிரியர்களையும் படித்த பிள்ளைகளையும் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பேனரைப் பார்த்துவிட்டுப் போகும் நாம் ஒரு கேள்வியைக் கேட்கிறோமா? இந்தப் பிள்ளைகளோடு ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் எங்கே போனார்கள்?

ஒருவன் செல்போன் கடையில் நிற்கிறான். ஒருவன் ஓட்டலில் மேசை துடைக்கிறான். ஒரு பெண் பிள்ளை வீட்டோடு இருக்கிறாள், மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கேட்டால் ‘படிப்பு ஏறவில்லை’ என்கிறார்கள். வறுமைதான் காரணம் என்று நாமும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வறுமை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் இவர்களில் பலரைப் பள்ளிக்கூடமே அனுப்பி வைத்தது என்பதை வெளியே சொல்வார் இல்லை.

அந்த அறையில் நடப்பது என்ன?

ஒரு தாய்க்குத் தலைமை ஆசிரியரிடமிருந்து அழைப்பு வருகிறது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வருகிறாள். அறைக்குள் இரண்டு மூன்று ஆசிரியர்கள். பையன் மூலையில் நிற்கிறான். ‘இந்தாம்மா, உன் பையனுக்கு எழுதப் படிக்கவே தெரியவில்லை. பத்தாவதில் பெயிலாகி ஸ்கூல் பெயரைக் கெடுத்துவிடுவான். டி.சி. வாங்கிக்கொண்டு வேறு எங்கேயாவது சேர்த்துவிடு’ என்கிறார்கள். அந்தத் தாய் என்ன பேசுவாள்? ‘சரிங்க சார்’ என்கிறாள். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்கிறேன்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுகிறாள். ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்துவிடுகிறது. பதிவேட்டில் பார்த்தால் யாரும் யாரையும் வெளியேற்றவில்லை!

எல்லாப் பள்ளிகளிலும் இப்படி நடக்கிறது என்று சொல்லவில்லை. வீடு தேடிப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வரும் தலைமை ஆசிரியர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் நடக்கும் இடங்களில் கேட்பார் இல்லை என்பதுதான் வேதனை.

சட்டம் எங்கே நிற்கிறது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, கல்வி பெறுவதை அது உரிமையாக்கியது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்றது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கான விதியையும் வெளியிட்டது. அப்போதும் வெளியேற்றக் கூடாது என்ற பகுதியில் கை வைக்கவில்லை.

சரி, ஒன்பதாம் வகுப்புக்கு? அங்கே இந்தச் சட்டம் துணைக்கு வருவதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குக் கீழ்தான் முழுத் தடை போடுகிறது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் தடை. கல்வி உரிமை முடிகிற வயதில் வேலைக்குப் போகும் அனுமதி தொடங்குகிறது. நம் பிள்ளைகள் விழுவது இந்தப் பள்ளத்தில்தான்.

தலைமை ஆசிரியர் மட்டும்தான் குற்றவாளியா?

நியாயமாகப் பேச வேண்டும். ஆய்வுக் கூட்டத்தில் மற்றத் தலைமை ஆசிரியர்கள் முன்னால் எழுப்பி நிறுத்தி, ‘ஏன் தேர்ச்சி குறைந்தது?’ என்று அதிகாரி கேட்கிறார். காலிப் பணியிடம் நிரம்பவில்லை. கணினியில் புள்ளிவிவரம் ஏற்றுவதிலேயே பாதி நாள் போகிறது. இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. மேலே வாங்கிய அடியை அவர் கீழே இறக்கி வைக்கிறார். கடைசியில் அது விழுவது அந்தத் தாயின் தலையில்!

2017இல் தமிழ்நாட்டில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். நல்ல முடிவு. மாணவனுக்கு ராங்க் போனது. பள்ளிக்கூடத்துக்கு சதவீதம் நின்றுவிட்டது. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கணக்கிடும்வரை, தேறாதவனை எழுத விடாமல் செய்வதுதான் சுலபமான வழி. எனவே கணக்கை மாற்றுங்கள் என்பதே நம் கோரிக்கை. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை, அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை என்ற இரண்டு எண்ணிக்கையையும் தேர்ச்சி சதவீதத்தின் பக்கத்திலேயே ஒவ்வொரு பள்ளியும் எழுதி வைக்கட்டும். டி.சி. வாங்கிப் போன பிள்ளை வேறு பள்ளியில் சேர்ந்ததா என்று கல்வித் துறை தேடிப் பார்க்கட்டும்.

2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித் தேர்வுக்கு சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை என்றதும் மாநிலமே அதிர்ந்தது. அவர்கள் ஒரே நாளில் காணாமல் போனவர்களா? மாதக்கணக்கில் வராமல் இருந்தவர்களைத் தேர்வு நாளில்தான் எண்ணிப் பார்த்தார்கள்.

எப்படிப் பேசுவது?

சகோதரர்களே! பிரச்சினை என்றதும் இருபது பேரைத் திரட்டிக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழைவது நம்மில் சிலருக்குப் பழக்கம். குரலை உயர்த்திவிட்டு வந்துவிடலாம். நாளைக்கு அந்தப் பிள்ளை அதே வகுப்பில்தானே உட்கார வேண்டும்? ஆகவே கூட்டம் வேண்டாம். தாயும் தகப்பனும் போகட்டும். கூடவே பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் போகட்டும். இந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தலைவரே ஒரு பெற்றோர்தான். எனவே அவர் கேட்பது தயவு அல்ல, பொறுப்பு.

கேட்க வேண்டியது மூன்றே மூன்று. பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? அதற்குப் பள்ளி என்ன செய்யப் போகிறது, வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அடுத்து எந்தத் தேதியில் வந்து பார்ப்பது? பதிலை எழுதி வாங்குங்கள். 6 முதல் 9 வரை அடிப்படை எழுத்தும் கணக்கும் தெரியாத பிள்ளைகளுக்காக 2025இல் ‘திறன்’ என்ற திட்டத்தைக் கல்வித் துறை தொடங்கியது. அதில் பிள்ளையின் பெயர் சேர்ந்ததா என்றும் விசாரியுங்கள். டி.சி. கேட்கும் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கசப்பான செய்தியைச் சொல்லத்தான் வேண்டும், மறைக்க வேண்டாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பு முடிவில் சொல்லாதீர்கள். ஆறாம் வகுப்பு ஜூன் மாதத்திலேயே சொல்லுங்கள். பிள்ளையை நிறுத்தி வைத்து நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். தாயை உட்கார வைத்து, நோட்டை விரித்துக் காட்டிச் சொல்லுங்கள். ‘உன் பையன் தேறமாட்டான்’ என்றால் அவள் அழுதுகொண்டு போய்விடுவாள். ‘இவனுக்குக் கூட்டத் தெரிகிறது, வகுக்கத் தெரியவில்லை’ என்றால் அவளும் உங்களோடு சேர்ந்து யோசிப்பாள்.

நம் சமுதாயத்தவர் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் இதே கேள்விதான். அங்கே மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்கிறது சட்டம். அப்படியானால் அந்தப் பள்ளி நிர்வாகிகளின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. உங்கள் வாசலிலும் பேனர் இருக்கிறது. சேர்ந்தவர் எத்தனை, எழுதியவர் எத்தனை என்று முதலில் நீங்கள் எழுதி ஒட்டுங்கள். பிறகு மற்றவரைக் கேட்போம்!