பிள்ளைகளுக்கு உடற்காப்புக் கற்பித்தல்

தறிக்குழியண்டை ஓடாதே, கிணற்றை எட்டிப் பாராதே, வரப்பில் பாம்பைக் கண்டால் விலகி நில் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாத நாளில்லை. இவற்றால் பிஞ்சு மனம் கெட்டுவிடும் என்று எவரும் அஞ்சியதில்லை. ஆயினும், மனிதரால் நேரும் தீங்கைக் குறித்து மட்டும் வாய் திறக்கத் தயங்குகின்றோம். இத்தயக்கம் தீங்கிழைப்போர்க்கே துணையாகும்.

மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் வினவப்பட்ட 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். ஆண் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். தீங்கிழைத்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தை அறிந்தவர்கள், நம்பியவர்கள். ஆதலின், "அந்நியரை நம்பாதே" என்னும் அறிவுரை மட்டும் போதாது. "பெரியோர் சொற்படி நட" என்று கற்பிக்கும் நாம், அதற்கும் ஓர் எல்லை உண்டென்று கற்பித்தல் வேண்டும்.

கற்பிக்க வேண்டியவை சிலவே. உள்ளாடை மறைக்கும் உறுப்புகளைப் பிறர் தொடலாகாது. பிறர் தம்முடையதைத் தொடச் சொல்லினும் இணங்கலாகாது. தாய் குளிப்பாட்டுவதும், தாய் அருகிருக்க மருத்துவர் பார்ப்பதும் வேறு. மீறுவோரிடம் "வேண்டாம்" என்று உரக்கச் சொல்லி விலகி, நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்ல வேண்டும். "யாரிடமும் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும் மறைக்கலாகாது. குற்றம் பிள்ளையினுடையதன்று.

சந்தவாசல் வட்டாரத்தில் பெற்றோர் விடியலிலேயே தறிக்கும் கழனிக்கும் சென்றுவிடுகின்றனர். ஜவ்வாது மலைப் பிள்ளைகள் பலர் வீட்டைப் பிரிந்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கின்றனர். எனவே வீட்டோடு பள்ளியும் இப்பாடத்தை ஏற்றல் இன்றியமையாதது.

எனினும், பிள்ளை துணிந்து சொல்லும்போது, "பொய் சொல்லாதே, மாமாவை அப்படிப் பேசலாமா?" என்று நாம் அதட்டினால் கற்பித்தது அனைத்தும் வீணாகும். குடும்ப மானம் கருதி ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிடுவதும் முறையன்று. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையிலுள்ள போக்சோ சட்டப்படி, குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தல் கடமை. பெரியவர் ஒருவர் அதனை மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர்மீது வழக்கு வாராது. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே, சீருடை அணியாத காவலர் பதிவு செய்யலாம். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் இருத்தலாகாது. பெயரையும் படத்தையும் பத்திரிகைகள் வெளியிடலாகாது. 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் வழியாகவும் உதவி பெறலாம்.

பாவில் ஓரிழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சிட்ட பின்னரே நெய்கின்றோம். பிள்ளைகள் திறத்தில் அவ்விழிப்பு குறையலாமா? அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் யாவரும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, ஆண்டுதோறும் பெற்றோர் முன்னிலையில் இப்பாடத்தை நடத்துமாறு நம்மூர்த் தலைமையாசிரியர்களை வேண்டுவார்களாக. அன்று அப்பள்ளிகளுக்கு நாமும் தவறாது செல்வோமாக.