சாவியை ஒளித்து வைத்தால் போதுமா?

பெண்கள் வண்டி ஓட்டுவது பற்றி இந்தப் பகுதியில் சகோதரிகள் அடிக்கடி எழுதுகிறார்கள். ஒரு வருஷமாக என் மனதை அழுத்திக் கொண்டிருப்பதை நானும் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அக்காவும் நானும் ஒரே மாதத்தில் ஸ்கூட்டி வாங்கியவர்கள். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றத்துக்குத் தையல் வேலைக்கு ஆறு வருஷம் சேர்ந்தேதான் போய் வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். ரோட்டில் பள்ளம் வந்தால் இடது கையைத் தாழ்த்திக் காட்டுவார். லாரி வந்தால் ஓரம் கட்டி நிற்பார். நான் வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்புவார். "அவசரமா போயி என்னத்த வாரிக் கட்டப் போறோம், மெதுவா வாடி" என்பார்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், வீடு திரும்பும்போது, பூஞ்சேரி கூட்ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், விளக்குப் போடாமல் ராங் சைடில் வந்த பைக் ஒன்று அவர் மேல் மோதிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தார். ஆனால் தாடைக்குக் கீழே வாரை மாட்டவில்லை. விழுந்த வேகத்தில் ஹெல்மெட் தனியாக உருண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். செங்கல்பட்டு போய்ச் சேருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது.

கிளம்பும்போதே வார் தொங்குவதைப் பார்த்தேன். "கழுத்தெல்லாம் வேர்க்குருடி" என்று காலையில்தான் சொல்லியிருந்தார். சொன்னால் சலித்துக் கொள்வாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதை நினைக்காமல் நான் தூங்கிய ராத்திரி குறைவு.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் "விதி முடிஞ்சு போச்சும்மா" என்றார்கள். எனக்கு அது ஆறுதலாகவே இல்லை. 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1.68 லட்சம் பேரில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். இத்தனை பேருக்குமா ஒரே மாதிரி விதி எழுதியிருக்கும்? விதி என்று சொல்லிவிட்டால் ராங் சைடில் வந்தவன் தப்பித்தான். வாரைப் பார்த்தும் வாய் திறக்காத நானும் தப்பித்தேன்.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் போட்டால் சாவு சுமார் 40 சதவீதமும் தலைக்காயம் சுமார் 70 சதவீதமும் குறைகிறதாம். அதெல்லாம் தலையில் நிற்கிற ஹெல்மெட்டுக்குத்தானே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று சுற்றி நின்றவர்கள் அவரைத் தொடவே பயந்தார்கள். "போலீஸ் கேஸாயிடும்" என்றார் ஒருவர். உதவி செய்கிறவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று 2016-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியதே நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான். இதெல்லாம் அன்று எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அத்தனை பேரிடம் கெஞ்சியிருக்க மாட்டேன், அதட்டியிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "ரெண்டு பேர்ல ஒருத்தி போயாச்சு. நீயாவது இரு" என்றார். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மூன்று மாதம் பஸ்ஸில் போனேன். நேரத்துக்குப் போக முடியாமல் கூலி குறைந்தது. அதைக்கூடப் பொறுத்துக் கொண்டேன். ஆனால் அதே வீட்டில், பத்தாவது படிக்கிற என் கொழுந்தனார் மகன் பால் வாங்க, டியூஷன் போக என்று பைக்கை எடுத்துக் கொண்டு பறக்கிறான். ஹெல்மெட் கிடையாது. "ஆம்பளப் புள்ள, ஓட்டிப் பழகட்டும்" என்கிறார் என் மாமியார். நாற்பது வயதில் லைசென்ஸ் வைத்திருக்கும் எனக்குச் சாவி இல்லை. பதினைந்து வயதுப் பையனுக்கு உண்டு! இது என்ன நியாயம்?

திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2008 செப்டம்பரில் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த பிள்ளையின் உறுப்புகளை, டாக்டர்களான அவன் பெற்றோர் தானம் செய்தார்கள். சென்னை நெரிசலில் 11 நிமிடத்தில் அவன் இதயம் முகப்பேர் போய்ச் சேர்ந்து, ஒரு ஒன்பது வயதுச் சிறுமிக்கு உயிர் கொடுத்தது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பெருகியதற்கு அந்த வீடு பெரிய காரணம். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த 11 நிமிடத்தை ஞாபகம் வைத்திருக்கிற நாம், போன பிள்ளைக்கு வயது 15 என்பதை மறந்துவிட்டோமே! பள்ளி விடும் நேரத்தில் அதே ஊர்த் தெருக்களில் ஒரே பைக்கில் மூன்று பையன்கள் போவதை நான் தினமும் பார்க்கிறேன். சிறுவன் வண்டி ஓட்டி விபத்து நடந்தால், தெரிந்தே கொடுத்த பெற்றோருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டம் சொல்கிறது. இதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பையனின் சாவி பீரோவுக்குப் போனது, என் சாவி வெளியே வந்தது.

இப்போது மறுபடியும் ஓட்டுகிறேன். முதல் நாள் வீட்டுக்காரர் தன் வண்டியில் பின்னாலேயே வந்தார். பூஞ்சேரி வந்ததும் கை நடுங்கி ஓரம் கட்டி நின்றுவிட்டேன். இன்னமும் அந்த இடத்தில் முன்னால் அக்கா போகிறாரா என்று கண் தேடும். ராங் சைடில் வருகிறவர்களைப் பார்த்தால் ஹாரனை அழுத்திக் கொண்டே நிற்கிறேன். திட்டிவிட்டுத்தான் போகிறார்கள். கூட வேலை செய்கிற பெண்களின் வாரை நானே மாட்டி விடுகிறேன். "இவளுக்கு வேற வேலை இல்ல" என்று சிரிக்கிறார்கள்.

அக்காவின் மகளுக்கு இந்த ஆடியில் பதினெட்டு முடிகிறது. "சித்தி, அம்மா வண்டியை ரிப்பேர் பண்ணி வச்சிருக்காங்க. எனக்குக் கத்துக் குடுப்பீங்களா?" என்று போன வாரம் கேட்டாள். அவள் அப்பா சரியென்று சொல்லட்டும், ஹெல்மெட் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன்.

– ஒரு வாசகி, மாமல்லபுரம்