164 பேரா, 70 ஆயிரம் பேரா? ஜெர்மனியை குழப்பிய கேள்வி!

கடத்தப்பட்ட விமானம் ஒன்று, 70 ஆயிரம் பேர் இருக்கும் ஸ்டேடியத்தை நோக்கி வருகிறது. விமானத்தில் 164 பேர். சுட்டு வீழ்த்தலாமா?

'அதிகம் பேருக்கு அதிக நன்மை' என்ற பெந்தாமின் பயன்பாட்டுவாதப்படி சுடலாம். கணக்கு சிம்பிள்தான்.

ஜெர்மனி 2005-ல் இதை சட்டமாகவே கொண்டு வந்தது. 2006 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அப்பாவிப் பயணிகளை வெறும் பொருளாக நடத்துவது மனித கண்ணியத்துக்கு எதிரானது என்றது தீர்ப்பு. 'எப்படியும் சாகப்போறவங்கதானே' என்ற வாதமும் எடுபடவில்லை. உள்ளே பயங்கரவாதிகள் மட்டுமே இருந்தால் கதை வேறு.

முதலில் சொன்ன கணக்கு, ஃபெர்டினாண்ட் ஃபொன் ஷீராக்கின் 'டெரர்' நாடகத்தில் வருவது. உத்தரவை மீறிச் சுட்ட விமானி மீதான வழக்கு அது. 2016-ல் டிவியில் ஒளிபரப்பி நேயர்களிடமே தீர்ப்பு கேட்டார்கள். ஜெர்மனியில் ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 87 சதவீதம் பேர் விமானியை விடுவித்துவிட்டார்கள்.